நாயின் உரோமப் பேணலும் தோல் காப்பும்

நம் பெருநகரங்களில் புதியதொரு தொழில் வேரூன்றி வருகின்றது. தில்லி, மும்பை, பெங்களூரு, ஐதராபாத் முதலிய ஊர்களின் கடைவீதிகளில், நாய்களைக் குளிப்பாட்டி, உரோமம் வாரி, கத்தரித்து, நகம் நறுக்கி, செவி துடைத்து அனுப்பும் கூடங்கள் இன்று பல உள்ளன. மருந்துக் குளியல், ஓட்ஸ் குளியல், எண்ணெய்ப் பூச்சு, சேற்றுப் பூச்சு என்று அங்கே விலைப்பட்டியலும் நீண்டு தொங்குகின்றது. அதனைக் காண்போர் சிலர், "மனிதருக்கே போதாத நாட்டில் நாய்க்கு ஒப்பனையா?" என்று நகைத்துச் செல்வதுண்டு. வேறு சிலர், அப்பட்டியலில் உள்ள யாவும் தம் நாய்க்கு இன்றியமையாதன என்று நம்பிப் பணத்தைச் செலவிடுவதுண்டு. இவ்விரு சாராரும் ஒரே பிழையைச் செய்கின்றனர் என்பது நம் கருத்து. நாயின் உரோமத்தை அழகுக்கு உரிய பொருளாக மட்டுமே இருவரும் காண்கின்றனர். அஃது அப்பிராணியின் உடலைக் காக்கும் கவசம் என்பதை இருவருமே மறந்துவிடுகின்றனர்.

ஆங்கிலத்தில் இத்தொழிலைக் குறிக்கும் 'குரூமிங்' என்னும் சொல்லின் வரலாறே இதனை விளக்கும். குரூம் என்பவன் குதிரை லாயத்துப் பணியாள். ஓடிக் களைத்த குதிரை லாயம் திரும்பியதும், அதன் வியர்வையைத் துடைத்து, குரப்பம் எனப்படும் குதிரைச் சீப்பால் புழுதியை நீக்கி, உடலெங்கும் கையால் தடவி, புண் உண்டா, வீக்கம் உண்டா என்று பார்ப்பது அவனுடைய அன்றாடக் கடமை. குதிரை பளபளப்பது அந்த உழைப்பின் பயன். அதன் நோக்கமோ குதிரையின் நலம். சொற்களை மொழிவிட்டு மொழி மாற்றுவதே தொழிலாகக் கொண்ட நமக்கு, இதற்கு 'ஒப்பனை' என்னும் சொல் பொருந்துவதாகத் தோன்றவில்லை. 'பேணல்' என்பதே பொருத்தமான சொல். எதனைப் பேணுகின்றோம், எவ்வாறு பேணவேண்டும் என்பதை இனி ஆராய்வோம்.

தோலின் அமைப்பு

மனிதனுடைய தோலுக்கும் நாயின் தோலுக்கும் உள்ள வேற்றுமைகள் பல. உரோமம் அடர்ந்த இடங்களில் நாயின் மேல்தோல் 3 முதல் 5 உயிரணு அடுக்குகளை மட்டுமே கொண்டது. நம் மேல்தோல் அதனினும் தடிப்பானது. நாய்க்கு அத்தடிப்பின் வேலையை உரோமமே செய்கின்றது. தோலின் அடியிலுள்ள சுரப்பிகள் கசியவிடும் ஒருவகை நெய், தோல் மீதும் உரோமத்தின் மீதும் படர்ந்து, நீரும் கிருமியும் எளிதில் உட்புகாதவாறு தடுக்கின்றது. மேல்தோல் ஏறத்தாழ 3 வாரங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றது. தோல் நோய்க்கான மருத்துவம் 2 நாளில் பயன் தராமல் சில வாரங்கள் நீடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் தலையில் பெரும்பாலும் ஒரு துளைக்கு ஒரு மயிரே வெளிவருகின்றது. நாயின் தோலிலோ, ஒரே துளையிலிருந்து பல உரோமங்கள் கூட்டமாக எழுகின்றன. அவற்றுள் தடித்து நீண்டது காப்பு உரோமம். அதனைச் சூழ்ந்த மெல்லியவை அடியுரோமம். காப்பு உரோமம் வெயிலையும் மழையையும் முள்ளையும் தடுக்கும். அடியுரோமம் காற்றைச் சிறைப்படுத்தி உடலின் வெப்பத்தைச் சீராக வைக்கும்.

வெப்பத்தைத் தணிக்கும் முறையிலும் நாய் நம்மினின்றும் வேறுபட்டது. நமக்கு உடலெங்கும் வியர்க்கின்றது. நாய்க்கோ குளிர்ச்சி தரக்கூடிய வியர்வைச் சுரப்பிகள் பாதங்களின் அடியில்தான் உள்ளன. ஆகவே அது நாவை நீட்டி இரைத்தே தன் வெப்பத்தைப் பெரும்பாலும் தணித்துக் கொள்கின்றது. இவ்வுண்மையை மனத்திற் கொண்டால், பின்னர் நாம் கூறவிருக்கும் செய்திகள் எளிதில் விளங்கும்.

உரோமத்தின் வகைகள்

எல்லா நாய்களுக்கும் ஒரே வகைப் பேணல் பொருந்தாது. நம் நாட்டு முதோல், சிப்பிப்பாறை, இராசபாளையம் நாய்களுக்கு உரோமம் குட்டையாகவும் உடலோடு ஒட்டியும் அமைந்துள்ளது. ஜெர்மன் ஷெப்பர்டு, பொமரேனியன், சைபீரிய ஹஸ்கி ஆகியவற்றுக்கு அடியுரோமமும் காப்பு உரோமமுமாக இரு அடுக்குகள் தெளிவாக உண்டு. அடியுரோமம் பருவந்தோறும் கற்றை கற்றையாக உதிரும். லாசா ஆப்சோ, ஷீ ட்சூ ஆகியவற்றின் உரோமம் நீண்டு தொங்குவது. பூடில் நாயின் உரோமமோ சுருள் சுருளாக நெடுநாள் வளர்ந்து கொண்டேயிருப்பது. அதனைக் கத்தரிக்காவிடில் சடையாகிவிடும். டெரியர் வகையினருள் பலவற்றுக்குக் கம்பிபோன்ற முரட்டு உரோமம். அவற்றின் முதிர்ந்த உரோமத்தைக் கையால் பறித்தெடுப்பதே மேலை நாடுகளில் நெடுங்கால வழக்கம்.

இத்துணை வேறுபாடுகளும் மிகச் சில மரபணுக்களின் விளையாட்டே என்பது வியப்புக்குரியது. 2009ஆம் ஆண்டில் 'சயின்ஸ்' என்னும் ஆராய்ச்சி இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, தூய இன நாய்களிற் காணப்படும் உரோம வகைகளுட் பெரும்பாலானவற்றை மூன்றே மரபணுக்களின் மாற்றங்களால் விளக்கிவிடலாம் என்று காட்டியது. உரோமத்தின் நீளத்தை ஒன்றும், சுருளை மற்றொன்றும், மீசை புருவங்களின் அடர்த்தியை இன்னொன்றும் ஆள்கின்றன.

கோடையில் மழித்தல்

இனி, மிகுதியாக நிகழும் தவறு ஒன்றைக் கூறுவோம். வட இந்தியாவில் வைகாசி மாதத்து வெயில் 45 டிகிரி சென்டிகிரேடை எட்டும்பொழுது, அடர்ந்த உரோமமுடைய நாயைக் காண்போர்க்கு இரக்கம் உண்டாவது இயல்பு. கம்பளி போர்த்து நிற்கும் மனிதனைப்போல் அது வருந்துகின்றது என்று எண்ணி, தோல் தெரியும்படி முழுவதும் மழித்துவிடுமாறு கூறுகின்றனர். நோக்கம் நல்லதே; விளைவு நல்லதன்று.

கம்பளியை உதறினால் மனிதனுடைய வியர்வை காற்றிற் காய்ந்து உடல் குளிரும். நாய்க்கோ வியர்வையே இல்லாதபொழுது, மழிப்பதால் அத்தகைய குளிர்ச்சி கிட்டுவதில்லை. மாறாக, காப்பு உரோமம் மறைத்திருந்த மெல்லிய தோல் நேரே வெயிலுக்கு இலக்காகின்றது. மேலும், பனிநாட்டு இனங்களின் உரோமத் துளைகள் ஆண்டின் பெரும்பகுதி ஓய்வு நிலையில் இருப்பவை. அவற்றை ஒட்ட மழித்துவிட்டால், சில நாய்களுக்கு உரோமம் மீண்டும் முளைக்கப் பல மாதங்கள் ஆகின்றன. சிலவற்றில் ஓராண்டும் கடந்துவிடும்.

பின்னர்ச் செய்யத்தக்கது யாது? உதிர்ந்தும் உதிராமலும் சிக்கிக் கிடக்கும் இறந்த அடியுரோமத்தை, அகன்ற பற்களையுடைய சீப்பால் நாள்தோறும் வாரி நீக்கவேண்டும். அது நீங்கினால் காற்று தோல்வரை சென்று உலவும். வயிற்றின் அடிப்பகுதியில் மட்டும் உரோமத்தைச் சிறிது குறைக்கலாம். நாய் குளிர்ந்த தரையில் படுக்கும்பொழுது அது பயன்படும். நடைக்கு விடியற்காலையிலும் இரவிலும் அழைத்துச் செல்லுதல், நிழல், தூய நீர் ஆகியவையே கோடைக்கு உரிய மெய்யான காப்பு. மருத்துவக் காரணத்தாலோ, சடை முற்றிப் பிரிக்க இயலாமையாலோ மழிக்க நேரின், அது வேறு செய்தி.

சடையின் அடியில்

சடை என்பதை நாம் எளிதாக எண்ணிவிடுகின்றோம். சென்ற மழைக்காலத்தில், தில்லியில் ஒரு கூடத்தில் சிறிது நேரம் அமர்ந்திருந்தோம். வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் தம் லாசா ஆப்சோ நாயைக் கொணர்ந்தார். திபெத்தின் மடாலயங்களிற் குளிர்காற்றில் வாழ்ந்த இனம், தில்லியின் புழுக்கத்தில் மூன்றாம் மாடியில் வாழ்ந்து வந்தது. "வாரமொருமுறை நானே குளிப்பாட்டுகின்றேன், ஆயினும் நாற்றம் போகவில்லை" என்று அவர் குறைபட்டுக் கொண்டார்.

பணியாளரான இளைஞர் நாயை மேசைமேல் நிறுத்தி, விரல்களை உரோமத்தினுள் விட்டு மெல்லத் தடவிக்கொண்டே வந்தார். வலச் செவியின் பின்புறம் வந்ததும் நாய் சிணுங்கியது. அங்கே உரோமம் கம்பளித் துண்டுபோல் இறுகித் தோலோடு ஒட்டியிருந்தது. அவர் அதன் ஓரத்தைச் சற்றே தூக்கிப் பார்த்தார். அடியில் தோல் சிவந்து நீர்கோத்து, புண்ணில் புழு வைத்திருந்தது. "மாஜி, இதற்குக் குளியல் வேண்டாம். உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். ஆறிய பின்னர் என்னிடம் வாருங்கள்" என்றார் அவர். அன்றைக்குரிய கட்டணத்தை அவர் பெறவில்லை. அம்மையாரின் கண்கள் கலங்கின. அவர் அன்பிற் குறைந்தவரல்லர். குளிப்பாட்டும் முன்னர் வாரவேண்டும் என்பதனை அவர்க்கு ஒருவரும் கூறியிருக்கவில்லை.

இதன் காரணம் எளிது. சிக்கோடு கூடிய உரோமத்தில் நீர்பட்டு உலரும்பொழுது சிக்கு மேலும் இறுகும். இறுகிய சடை ஈரத்தைத் தேக்கி வைக்கும். ஈரத்தில் கிருமிகள் பெருகும். மழைக்காலத்தில் அந்த நாற்றத்தை நாடி ஈக்கள் முட்டையிடும். ஆதலின், 'முதலில் வாருதல், பின்னர்க் குளியல், உலர்த்திய பின் மீண்டும் வாருதல்' என்னும் முறையை மாற்றலாகாது. மேலோட்டமாக வாருதலும் போதாது. உரோமத்தை வகிடு வகிடாகப் பிரித்து, தோல் தெரியும்படி வேரிலிருந்து வாரவேண்டும். செவியின் பின்புறம், அக்குள், கழுத்துப்பட்டையின் அடி, தொடைகளின் இடுக்கு ஆகியவை சடை பிடிக்கும் இடங்கள்.

குளியலும் உலர்த்தலும்

நலமுள்ள நாய்க்கு நாள்தோறும் குளியல் வேண்டுவதில்லை. பெரும்பாலான நாய்களுக்கு மாதம் ஒருமுறை போதும்; குட்டை உரோமமுடையவற்றுக்கு அதனினும் குறைவாகவும், நீண்ட உரோமமுடையவற்றுக்குச் சற்று மிகுதியாகவும் தேவைப்படலாம். நாம் பயன்படுத்தும் சோப்புக்கட்டிகளுட் பெரும்பாலானவை காரத்தன்மை மிக்கவை. அவை தோலின் நெய்யை அகற்றி, வறட்சியையும் அரிப்பையும் உண்டாக்கும். நாய்களுக்கென்றே செய்யப்பட்ட ஷாம்புவை, வெதுவெதுப்பான நீரில் கரைத்துத் தேய்த்து, சிறிதும் எஞ்சாமல் அலசவேண்டும்.

உலர்த்துவதில் ஓர் ஆபத்து உண்டு. நாயின் இயல்பான வெப்பநிலை 38 டிகிரிக்கும் 39 டிகிரிக்கும் சற்று மேற்பட்ட அளவு. அது 41 டிகிரியைக் கடந்தால் உயிருக்கே இடையூறு. நாயைக் கூண்டில் அடைத்துச் சூடான காற்றைச் செலுத்தும் பொறியின் முன் வைத்துவிட்டு, பணியாளர் வேறு வேலைக்குச் செல்வதால் நாய்கள் மாண்ட நிகழ்ச்சிகள் உலகின் பல இடங்களிலும் நேர்ந்துள்ளன. பக், புல்டாக், ஷீ ட்சூ முதலிய சப்பை மூக்கு நாய்கள் இரைத்து வெப்பத்தைத் தணிக்கும் ஆற்றல் குன்றியவை. அவற்றுக்கு இவ்வாபத்து இன்னும் மிகுதி. சூடற்ற காற்றும், அருகில் நிற்கும் ஓர் ஆளும் இன்றியமையாதவை.

மருந்துக் குளியல்

விலைப்பட்டியலில் உள்ள சிறப்புச் சிகிச்சைகளுள் மெய்யான பயன் தருபவை உண்டு. மணமும் நுரையும் மட்டுமே தருபவையும் உண்டு. பாக்டீரியாவால் உண்டாகும் கொப்புளங்களுக்கும், மலசீசியா என்னும் ஈஸ்ட் வகைக் காளானால் உண்டாகும் பிசுபிசுப்பும் புளித்த நாற்றமும் கூடிய தோல் நோய்க்கும், குளோர்ஹெக்சிடின், மைக்கோனசோல் ஆகிய மருந்துகள் சேர்ந்த ஷாம்புகளை மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர். இம்மருந்து ஏறத்தாழ 10 நிமிடம் தோலின்மீது நின்றால்தான் தன் வேலையைச் செய்யும். தேய்த்தவுடனே அலசிவிடுவோர் மருந்தின் விலையை நீரோடு விடுகின்றனர். நுண்ணிதாக அரைத்த ஓட்ஸ் கலந்த குளியல் வறண்ட தோலின் அரிப்பைச் சிறிது தணிக்கும். நோயின் வேரை அது தீர்ப்பதில்லை.

அரிப்பு என்பது ஒரு குறியேயன்றி நோயன்று. அதன் காரணம் தெள்ளுப்பூச்சியாக இருக்கலாம். சொறி உண்டாக்கும் நுண்பூச்சியாக இருக்கலாம். உணவு அல்லது சூழலால் நேரும் ஒவ்வாமையாக இருக்கலாம். தைராய்டுச் சுரப்பியின் குறைபாடு உரோமம் உதிர்தலாக வெளிப்படலாம். தோலைச் சுரண்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்க்காமல் சிலவற்றைப் பிரித்தறிய இயலாது. அதனைச் செய்யவேண்டியவர் கால்நடை மருத்துவர். நல்ல பணியாளர் தமது எல்லையை அறிவார்.

வீட்டு வைத்தியங்களுட் சில மிகக் கொடியவை. உண்ணிக்கு மண்ணெண்ணெய் பூசுதலும், சொறிக்குப் பழைய எஞ்சின் எண்ணெய் தடவுதலும், பினாயில் கலந்த நீரில் குளிப்பாட்டுதலும் இன்றும் காணப்படுகின்றன. இவை தோலைப் பொசுக்குவன. நாய் தன் உடலை நக்கும் இயல்புடையதாகலின், வயிற்றினுள்ளும் சென்று நஞ்சாகின்றன.

உண்ணி

நம் நாட்டில் நாயின் தோலுக்கு நேரும் பகைகளுள் முதன்மையானது உண்ணி. பழுப்பு நாய் உண்ணி குருதியை உறிஞ்சுவதோடு நில்லாமல், எர்லிக்கியா, பபேசியா ஆகிய நோய்க் கிருமிகளையும் குருதியிற் செலுத்துகின்றது. காய்ச்சல், சோர்வு, ஈறுகள் வெளுத்தல், மூக்கில் குருதி கசிதல் ஆகிய குறிகள் தோன்றின் காலந்தாழ்த்தலாகாது. வயிறு நிறைந்த பெண் உண்ணி நாயைவிட்டு இறங்கி, சுவரின் வெடிப்பிலும் கட்டிலின் சந்திலும் சில ஆயிரம் முட்டைகளை இடும். ஆகவே நாயை மட்டும் தூய்மை செய்து வீட்டை விட்டுவிட்டால் பயனில்லை.

உண்ணியைக் கண்டால் தீக்குச்சியால் சுடுதலும் விரலால் நசுக்குதலும் கூடாது. இடுக்கியால் தோலை ஒட்டிப் பற்றி நேராக இழுத்தெடுத்து, சாராயத்தில் இட்டுக் கொல்லவேண்டும். இன்று மாதம் ஒருமுறை கொடுக்கும் மாத்திரைகளும், பிடரியில் இடும் மருந்துகளும் கிடைக்கின்றன. பிடரியில் இடும் மருந்துக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டாமல் இருத்தல் நன்று. நாயின் எடைக்கும் இனத்திற்கும் ஏற்ற மருந்தை மருத்துவரே குறிக்கவேண்டும். கோலி போன்ற மந்தை காவல் இனங்களிற் சிலவற்றுக்கு, ஐவர்மெக்டின் என்னும் மருந்து மிகுதியானால் மூளையைத் தாக்கும் மரபுக்குறை உண்டு.

மனிதர் நலமும் சட்டமும்

நாயின் தோல் நலம் நம் நலத்தோடும் பிணைந்தது. நாயைத் தொற்றும் படர்தாமரைக் காளான் குழந்தைகளையும் தொற்றும். சொறிப்பூச்சி நம் கைகளிலும் அரிப்பை உண்டாக்கும். கூடங்களிற் பணிபுரிவோர் நாள்தோறும் கடிபடக்கூடிய நிலையில் உள்ளனர். அவர்கள் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே செலுத்திக் கொள்ளுதல் நலம். கடிபட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனை செல்லவேண்டும். தடுப்பூசி செலுத்தப்பட்டதற்கான சான்றைக் கேளாமல் எந்த நாயையும் ஏற்கும் கூடத்தை நாம் தவிர்ப்பது நன்று. கருவிகளை ஒவ்வொரு நாய்க்குப் பின்னும் தூய்மை செய்கின்றனரா, உரிமையாளர் கண்முன் வேலை செய்ய இசைகின்றனரா என்பனவும் கேட்கத்தக்கவை.

மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் முன்னர்க் கொணர்ந்த தனிநபர் மசோதாவே அதற்கு வழிவகுத்தது. அச்சட்டத்தின் 3ஆம் பிரிவு, பிராணியைத் தம் பொறுப்பில் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதன் நலத்தைப் பேணவும், வேண்டாத வலியும் துன்பமும் நேராவண்ணம் காக்கவும் கடமைப்பட்டவர் என்று கூறுகின்றது. அடிப்பது மட்டுமே வதையன்று; சடையின் அடியில் புண் இருப்பதைக் காணாமல் விடுவதும் துன்பம் விளைப்பதே.

முடிவாக, தொடக்கத்தில் நகைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்பேணலுக்குச் செல்வம் வேண்டுவதில்லை. 2020ஆம் ஆண்டில் இராசபாளையம், சிப்பிப்பாறை, முதோல் ஆகிய மூன்றும் இந்திய நாய் இனங்களாக முறைப்படி பதிவு செய்யப்பட்டன. நம் மண்ணின் வெயிலுக்கு ஏற்ற குட்டை உரோமமுடைய இவற்றுக்கும், தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாய்க்கும், ஒரு சீப்பும் ஓர் இடுக்கியும் நாளொன்றுக்கு 10 நிமிடமும் போதும். தலைமுதல் வால்வரை வாரி, செவியின் உட்புறத்தையும் விரல்களின் இடுக்கையும் பார்த்து, தோலெங்கும் கையால் ஒருமுறை தடவுங்கள். நேற்று இல்லாத கட்டியோ, புண்ணோ, உண்ணியோ இன்று கையில் தட்டுப்படலாம். தன் நோவைச் சொல்ல வாயில்லாத பிராணிக்கு, அந்தக் கையே முதல் மருத்துவம்.